சட்டைப்பைக்கு எது, புயல் பைக்கு எது? மல்டிடூல் வாங்குமுன் கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் பம்பு செட்டும் ஜெனரேட்டரும் பழுதுபார்ப்பது என் தொழில். இடுப்பில் ஒரு மல்டிடூல் (பல கருவிகள் ஒன்றுக்குள் மடங்கும் கைக்கருவி) எப்போதும் இருப்பதால், அதைப் பார்ப்பவர்கள் எங்கே வாங்கினீர்கள், எது நல்லது என்று கேட்பது வழக்கம். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறந்து வானிலை அறிக்கையில் வங்கக்கடல் என்ற சொல் வரத் தொடங்கியதும் இந்தக் கேள்விகள் இரட்டிப்பாகும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

மல்டிடூல்னா ஸ்விஸ் கத்திதானே? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் தலைச்சன் பிள்ளை வேறு. ஸ்விஸ் கத்தியின் மையம் கத்தி. கார்ல் எல்செனர் 1891-இல் ஸ்விட்சர்லாந்துப் படைவீரர்களுக்குக் கொடுத்த மடக்குக் கத்தி, உணவு டப்பாவைத் திறக்கவும் துப்பாக்கியைக் கழற்றவும் உதவியது. 1897-இல் வந்த அதிகாரிகளுக்கான கத்திதான் இன்று நாம் காணும் சிவப்புக் கத்தியின் மூதாதை. எல்செனரின் நிறுவனமே இன்றைய விக்டோரினாக்ஸ்.

மல்டிடூலின் மையம் பிளேயர். டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975-இல் பழைய ஃபியட் கார் ஒன்றில் மனைவியுடன் ஐரோப்பாவைச் சுற்றியபோது, காரும் விடுதிக் குழாய்களும் மாறி மாறிப் பழுதாக, கையிலிருந்த மடக்குக் கத்தியில் ஒரு பிளேயர் இல்லையே என்று ஏங்கினார். அந்த ஏக்கம் கடையில் விற்கும் பொருளாக மாற 1983 வரை ஆயிற்று. கடைக்காரர்கள் இப்போது இரண்டையும் மல்டிடூல் என்றே விற்கிறார்கள். இந்தப் பக்கத்தில் பிளேயர் உள்ளதை மட்டும் மல்டிடூல் என்றும், மற்றதை ஸ்விஸ் கத்தி என்றும் சொல்கிறேன்.

வீட்டுல கட்டிங் பிளேயர், ஸ்குரூ டிரைவர், டெஸ்டர் எல்லாம் இருக்கு. அப்புறம் இது எதுக்கு?

வீட்டுக்குள்ளேயே வேலை என்றால் தேவையில்லை. தனித்தனிக் கருவி எப்போதும் மல்டிடூலைவிடச் சிறப்பாகவே வேலை செய்யும். பிடி பெரிது, நீளம் அதிகம், விலையும் குறைவு. மல்டிடூலுக்கு இருக்கும் ஒரே மேன்மை, பழுது நேர்ந்த இடத்தில் அது நம்முடன் இருப்பதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியின் நம்பர் பிளேட் ஆடத் தொடங்கும்போது, மஞ்சக்குப்பத்து வீட்டின் பரண்மேல் உள்ள டூல் பாக்ஸால் என்ன பயன்?

வாங்குமுன் ஒரு சோதனை செய்யச் சொல்வேன். கடந்த ஒரு மாதத்தில் வீட்டுக்கு வெளியே எதையெல்லாம் வெட்ட, திருக, நெம்ப நேர்ந்தது என்று எழுதிப் பாருங்கள். பார்சல் கட்டு, சாக்குத் தையல், தளர்ந்த ஸ்குரூ, நகத்தில் ஏறிய சிலாம்பு இவ்வளவுதான் என்றால் சிறிய ஸ்விஸ் கத்தி போதும். பட்டியலில் கம்பி, நட்டு, சூடான பாத்திரம், ஆணி ஆகியவை இருந்தால்தான் பிளேயர் வைத்தது வேண்டும்.

பதினெட்டு டூல், இருபத்து நாலு டூல்னு போட்டிருக்கான். எத்தனை இருந்தா நல்லது?

அந்த எண்ணிக்கையை நம்ப வேண்டாம். கம்பி வெட்டும் பகுதியை ஒன்றாகவும், பிளேயரின் மூக்கை ஒன்றாகவும், அதன் பல்லை ஒன்றாகவும், அரத்தின் இரு பக்கத்தை இரண்டாகவும், பக்கவாட்டில் செதுக்கிய அளவுகோலையும்கூட ஒன்றாகவும் எண்ணுவார்கள். என் கணக்கில் ஐந்து போதும்: பிளேயர், கத்தி, தட்டை ஸ்குரூ டிரைவர், ஸ்டார் ஸ்குரூ டிரைவர், கத்தரிக்கோல். ஆறாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் ரம்பம் அல்லது அரம்.

கத்தரிக்கோலைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மாத்திரை அட்டை, எண்ணெய் பாக்கெட், காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி என்று கத்தியைவிட அதைத்தான் நான் அதிகம் எடுக்கிறேன். கார்க் திருகியைப் பார்த்து நம் ஊரில் சிரிப்பார்கள் (புதுச்சேரி நண்பர்கள் மட்டும் சிரிப்பதில்லை). ஆனால் நனைந்து இறுகிய நைலான் கயிற்றின் முடிச்சுக்குள் அதன் நுனியைத் திருகி இழுத்தால், நகமும் பல்லும் தோற்ற முடிச்சு இளகிவிடும். படகும் வலையும் உள்ள வீட்டுக்கு அது வீண் உறுப்பு ஆகாது.

டெய்லி பாக்கெட்ல வெச்சிருக்கணும். எவ்ளோ வெயிட் வரைக்கும் போகலாம்?

லெதர்மேன் நிறுவனத்தின் வேவ் பிளஸ் ஏறத்தாழ 240 கிராம். வேட்டி மடிப்பிலோ மெல்லிய பேன்ட் பையிலோ அது நிற்காது, பெல்ட்டில் உறை வேண்டும். அதே நிறுவனத்தின் ஸ்கெலிடூல் 142 கிராம் அளவு. கருவிகளைக் குறைத்து எடையைக் குறைத்திருக்கிறார்கள், கத்தரிக்கோல் இல்லை. விக்டோரினாக்ஸ் கிளைம்பர் 80 கிராமை ஒட்டி இருக்கும். சாவிக்கொத்தில் மாட்டும் 58 மில்லிமீட்டர் கிளாசிக் 20 கிராமைச் சற்றே தாண்டும்.

உறையோடு பெல்ட்டில் மாட்ட மனம் இடம் கொடுக்கிறதா என்பதை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அலுவலகம் போகிற பெரும்பாலோர் இரண்டு வாரம் மாட்டுவார்கள், பிறகு அது வண்டி டிக்கிக்குள் போய்விடும். 100 கிராமுக்குள் இருப்பது பையிலேயே கிடக்கும்.

கத்திக்கு லாக் அவசியமா?

கத்தி மடங்கும் திசையில் விசை விழக்கூடிய வேலைகளுக்கு அவசியம். பெரும்பாலான ஸ்விஸ் கத்திகளில் பூட்டு கிடையாது, முதுகில் உள்ள வில் மட்டுமே அலகை நிறுத்துகிறது. ஆப்பிள் நறுக்கவும் கயிறு வெட்டவும் அது போதும். நுனியால் குத்தித் துளையிட முயன்றால் விரல்மேல் மடங்கும். பெரிய மல்டிடூல்களில் கத்திக்கும், நல்லவற்றில் ஸ்குரூ டிரைவருக்கும்கூடப் பூட்டு உண்டு. ஸ்குரூவை அழுத்தித் திருகும்போது கருவி மடங்கி விரல் முட்டியைக் கடித்த அனுபவம் உள்ளவர்கள் அந்தப் பூட்டின் மதிப்பை அறிவார்கள்.

சார், எங்க வீடு தேவனாம்பட்டினம் பீச் பக்கம். ஸ்டெயின்லெஸ்னு சொல்லித்தான் வாங்கினேன், ஆறே மாசத்துல துரு. ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. ஸ்டெயின்லெஸ் என்பதற்குத் துருவே பிடிக்காது என்று பொருள் இல்லை. எஃகில் உள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து மேற்பரப்பில் மிக மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்குகிறது, அதுதான் காப்பு. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். அதனால்தான் கடலோரத்தில் துரு பரவலாக வராமல் கரும்புள்ளிகளாக வருகிறது. தவிரவும், கத்தி கூர் தாங்க வேண்டுமானால் எஃகில் கார்பன் சேர்த்துக் கடினமாக்க வேண்டும். கார்பன் குரோமியத்தின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வதால் துரு எதிர்ப்பு கொஞ்சம் குறையும். நல்ல கூரும் நல்ல துரு எதிர்ப்பும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும் இரண்டு முனைகள்.

கடற்கரையிலிருந்து வந்ததும் கருவியை எல்லாப் பக்கமும் விரித்து, நல்ல தண்ணீரில் அலசி (போர்த் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் குடிதண்ணீரில்), துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, மூட்டுகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் உடனடிக்கு உதவும், ஆனால் மாதக்கணக்கில் விட்டால் பிசுபிசுத்து மூட்டை இறுக்கும். தோல் உறைக்குள் நீண்ட நாள் போட்டு வைப்பது நம் ஊருக்கு ஆகாது. தோல் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைக்கும். நைலான் உறை இருக்கட்டும்.

காந்தம் வெச்சுப் பார்த்தேன், ஒட்டுது. அப்போ எவர்சில்வரே இல்லைதானே?

சமையலறைப் பாத்திரத்துக்குச் செய்யும் சோதனையைக் கத்திக்குச் செய்ததால் வந்த குழப்பம் இது. நல்ல எவர்சில்வர் பாத்திரங்களில் நிக்கல் கலந்திருக்கும். அந்த வகை எஃகு காந்தத்தில் ஒட்டாது, ஆனால் அதைக் கத்தி அளவுக்குக் கடினப்படுத்தவும் முடியாது. கூர் தாங்கும் ஸ்டெயின்லெஸ் எஃகு வேறு வகை, அது காந்தத்தில் ஒட்டியே தீரும். ஆகவே அலகு ஒட்டினால் நிம்மதி அடையுங்கள்.

420, 440, 3சிஆர்13னு என்னென்னமோ எழுதியிருக்கு. எதைப் பார்த்து வாங்கறது?

இவை எஃகு வகைகளின் பெயர்கள். கார்பன் அளவைக் கொண்டு ஓரளவு கணிக்கலாம். மலிவுக் கருவிகளில் காணும் 2சிஆர்13 எஃகில் ஏறத்தாழ 0.2 சதவீதம் கார்பன்தான் உண்டு. துருவை நன்றாகத் தாங்கும், கூர் நிற்காது. லெதர்மேன் பெரும்பாலான கருவிகளில் வைக்கும் 420எச்சி-யில் 0.4 முதல் 0.5 சதவீதம். விக்டோரினாக்ஸின் அலகு, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவையில் 56-ஐ ஒட்டி இருக்கும். இந்த இரண்டும் அன்றாடத்துக்குத் தாராளம். வீட்டிலேயே எளிதாகக் கூரேற்றலாம். 154சிஎம், எஸ்30வி போன்ற உயர் எஃகு கூரை நீண்ட நாள் வைத்திருக்கும், ஆனால் மழுங்கியபின் சாதாரணக் கல்லில் தேய்க்கப் பொறுமை வேண்டும். எழுத்தே இல்லாமல் வெறும் ஸ்டெயின்லெஸ் என்று மட்டும் போட்டிருந்தால் தாழ்ந்த வகை என்று எடுத்துக்கொள்வேன்.

ஆன்லைன்ல ஐந்நூறு ரூபாய்க்கே வருதே. அதையே வாங்கினா என்ன?

நானும் அப்படித்தான் தொடங்கினேன். தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபின், பக்கத்து வீட்டுக் கூரைத் தகரத்தைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டும்போது என் முதல் மல்டிடூலில் பிளேயரின் மூட்டு ஆணி இரண்டாக முறிந்தது. கம்பியின் முனை உள்ளங்கையைக் கிழித்தது. டெட்டனஸ் ஊசி போட ஆளைத் தேடி அலைந்தது தனிக்கதை. அலகு மழுங்கலாம், துரு பிடிக்கலாம், அதையெல்லாம் சமாளிக்கலாம். விசை கொடுக்கும் நேரத்தில் முறிவதைத்தான் சமாளிக்க முடியாது.

கையில் வாங்கிப் பார்க்க முடிந்தால், பிளேயரை மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள். மூக்கின் நுனி சேராமல் இடைவெளி தெரிந்தால் வேண்டாம். பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. பெயர் பெற்ற நிறுவனங்களின் போலிகளும் உலவுகின்றன; நம்ப முடியாத தள்ளுபடி, மங்கலான முத்திரை, அட்டையில் எழுத்துப்பிழை ஆகியவை அடையாளம். லெதர்மேன் பெரும்பாலான கருவிகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறது, போலிக்கு அது செல்லாது. விலை கட்டுப்படாவிட்டால் மலிவு மல்டிடூலுக்குப் பதில் பூட்டில்லாத நல்ல ஸ்விஸ் கத்தியும் கைக்கடக்கமான தனி பிளேயரும் வாங்குங்கள்.

சர்வைவல் டூல்னு விளம்பரம் பண்றாங்க. காட்டுக்குப் போகாத நமக்கு அது எதுக்குங்க?

நம் கரையில் உயிர்காப்பு என்பதற்குக் காட்டோடு தொடர்பு இல்லை. தானேக்குப் பிறகு மாவட்டத்தின் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரு நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது; அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளுக்குள் நுழைந்தது. அந்நாட்களில் செய்ய நேர்ந்த வேலைகள் தீக்கல் உரசுவதோ பொறி வைப்பதோ அல்ல. ஷீட் கூரையைச் சட்டத்தோடு பிடிக்கும் ஜே போல்ட்டின் நட்டைப் பிடித்து நிறுத்துவது, தார்ப்பாய்க்குக் கயிறு வெட்டுவது, அடைத்த ஜன்னல் கொக்கியை நெம்புவது, நிவாரணமாக வந்த டின்னைத் திறப்பது, அடுப்பிலிருந்து கைப்பிடியில்லாத பாத்திரத்தை இறக்குவது என்றுதான் இருந்தன.

எனவே தீக்கல், திசைகாட்டி, விசில் ஒட்டிய ‘சர்வைவல்’ மாதிரிகளுக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. பூட்டுள்ள கத்தியும், கட்டுக்கம்பியை வெட்டும் பிளேயரும், ஒரு ரம்பமும் உள்ள முழு அளவு மல்டிடூலைப் புயல் பையில் டார்ச், பவர் பேங்க், மருந்து, ஆவண நகல் ஆகியவற்றோடு ஜிப் கவரில் வைத்தால் போதும். கவருக்குள் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றையும் போடுங்கள்.

அந்த ரம்பத்தால விழுந்த மரத்தை வெட்ட முடியுமா?

மணிக்கட்டுப் பருமன் கிளை வரை முடியும்; இழுக்கும் போக்கில் அறுங்கள், தள்ளும்போது அழுத்தினால் அலகு வளையும். பண்ருட்டிப் பக்கம் தானேயில் சாய்ந்த முந்திரியையும் பலாவையும் அறுக்க மிஷின் ரம்பமும் ஆட்களும் வேண்டியிருந்தன. மல்டிடூலின் இடம் அதுவல்ல. கிளைமேல் மின்கம்பி கிடக்கிறதா என்று பாராமல் எந்த ரம்பத்தையும் வைக்காதீர்கள்.

பிளேயர் இருக்குதே, கரண்ட் வேலை பார்க்கலாமா? கைப்பிடிக்கு டியூப் மாட்டிக்கிட்டா சரியாப்போகுமா?

கூடாது. மல்டிடூலின் உடல் முழுவதும் உலோகம். 230 வோல்ட் மின்சாரத்துக்கும் உங்கள் உள்ளங்கைக்கும் இடையே எதுவுமில்லை. சைக்கிள் டியூபோ இன்சுலேஷன் டேப்போ சுற்றுவது தைரியத்தைத் தருமே தவிரக் காப்பைத் தராது. மின்வேலைக்கென்று வரும் பிளேயரில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற முத்திரையும் இருக்கும். வீட்டுக்கு அது ஒன்று வாங்குங்கள், மல்டிடூலைவிட விலை குறைவு. மல்டிடூலால் ஸ்விட்ச் போர்டு மூடியைக் கழற்றுவதென்றாலும் மெயினை நிறுத்தி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை நிறுத்திய பின்னும் போர்டில் மின்சாரம் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். எனக்குத் தெரிந்து தொழில் கற்றவர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள்.

புயலுக்குப் பின் தெருவில் அறுந்து கிடக்கும் கம்பியை எந்தக் கருவியாலும் நகர்த்தக் கூடாது. உடனே தகவல் சொல்லுங்கள்: கடலூர்ப் பக்கம் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், எண் 94987 94987; புதுச்சேரியில் மின்துறை அலுவலகம்.

இதால எதெல்லாம் வெட்டக் கூடாது?

கட்டுக்கம்பி, செம்புக் கம்பி, மெல்லிய ஜிஐ கம்பி ஆகியவற்றை வெட்டலாம். சைக்கிள் பிரேக் கேபிள், ஸ்பிரிங் கம்பி, கான்கிரீட் ஆணி ஆகியவை கடினப்படுத்தப்பட்டவை. வெட்டுமுனையில் பள்ளம் விழும். வேவ் பிளஸ் போன்ற சிலவற்றில் அந்த வெட்டுமுனையைக் கழற்றி மாற்றலாம் என்பது நல்ல வசதி. கத்தியின் நுனியால் நெம்புவதும், பிளேயரால் ஜே போல்ட் நட்டை முழு பலத்துடன் திருகுவதும் வேண்டாம். நட்டின் முனை மழுங்கிவிட்டால் பிறகு ஸ்பேனராலும் எடுக்க முடியாது. பிளேயரால் பிடித்து நிறுத்தலாம், இறுக்க ஸ்பேனர்தான்.

பலாப்பழம் வெட்டலாமா? அப்புறம் அதே கத்தியால பழம் நறுக்கலாமா?

சுளையைக் கீறலாம், முழுப் பழத்தைப் பிளக்க அரிவாள்மணையே சரி. பலாப்பால் மூட்டுக்குள் இறங்கி உலர்ந்தால் கத்தி திறக்கவே திறக்காது. முன்னதாக அலகில் சமையல் எண்ணெய் தடவுங்கள், முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுச் சோப்பு நீரில் கழுவுங்கள். கிரீஸ் பட்ட கருவியை உணவுக்கு எடுக்காமலிருக்க, பம்பு வேலைக்கு ஒன்றும் பழத்துக்குச் சின்ன ஸ்விஸ் கத்தி ஒன்றும் என நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

எங்கம்மாவுக்கு நகம் உடையுது, திறக்கவே வரலை. சுலபமா திறக்கறது இருக்கா?

புதிய ஸ்விஸ் கத்தியின் வில் இறுக்கமாகத்தான் இருக்கும். எண்ணெய் விட்டு முப்பது நாற்பது முறை திறந்து மூடினால் இளகும். அலகில் துளையோ பொத்தானோ இருந்து, மல்டிடூலை விரிக்காமல் வெளியிலிருந்தே கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் மாதிரிகள் வயதானவர்களுக்கு ஏற்றவை. இருட்டில், ஈரக்கையோடு திறக்க நேரும் புயல் பைக்கும் அவையே நல்லவை.

பாக்கெட்ல கத்தி வெச்சிருந்தா போலீஸ் பிடிக்காதா? பிளேன்ல கொண்டு போகலாமா?

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன்கீழ் வந்த 2016 விதிகளும் கூர் ஆயுதங்களைப் பற்றிப் பேசும்போது, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவற்றைக் குறிப்பிட்டு, வீட்டு, வேளாண், அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கானவற்றை விலக்குகின்றன. இது மத்தியச் சட்டமாகையால் புதுச்சேரிக்கும் பொருந்தும். மல்டிடூலின் அலகு 3 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். அதற்காகத் தேர்தல் கூட்டத்திலோ கோயில் திருவிழா நெரிசலிலோ நீதிமன்ற வாசலிலோ அதை வைத்துக்கொண்டு சட்டம் பேச வேண்டாம். சோதிக்கும் காவலர் பார்ப்பது கத்தியை மட்டும்தான்.

விமானத்தில் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில் வைக்க வேண்டும். கத்தியில்லாத மாதிரிகள் அமெரிக்க விமான நிலையங்களை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. அவற்றை நம்பிச் சென்னை விமான நிலையத்தில் கைப்பையில் வைத்தால், பிளேயரையே கருவி என்று எடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. சாவிக்கொத்தில் உள்ள 58 மில்லிமீட்டர் கத்தியை மறந்துபோய்ப் பறிகொடுத்தவர்கள்தான் அதிகம்.

மழுங்கிடுச்சு. தெருவுல சாணை பிடிக்கறவர்கிட்ட கொடுக்கலாமா?

அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் அவர் போதும், மல்டிடூலைக் கொடுக்காதீர்கள். உலர்ந்த சக்கரத்தில் மெல்லிய அலகு நொடியில் சூடாகும். விளிம்பு நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள், அதன்பின் எத்தனை முறை தேய்த்தாலும் கூர் நிற்காது. இருபக்கக் கல் ஒன்று வாங்கி, பக்கத்துக்கு 20 பாகைச் சாய்வில் நீங்களே தேயுங்கள்; செங்கோணத்தைப் பாதியாக்கி, அதை மறுபடி பாதியாக்கினால் கிட்டத்தட்ட அந்தச் சாய்வு வரும். மேலே சொன்ன 420எச்சி வகை என்றால் பத்து நிமிட வேலை.

வாங்கியாச்சு. இப்போ என்ன செய்யணும்?

எல்லா அலகுகளையும் ஒருமுறை திறந்து, தொழிற்சாலை எண்ணெயைத் துடைத்து, எந்தப் பூட்டு எங்கே விடுபடுகிறது என்று விரலுக்குப் பழக்குங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு அதையே செய்து பாருங்கள், கத்தியை மட்டும் கடைசியாக. வீட்டில் எல்லாருக்கும் திறக்கத் தெரிகிறதா என்று பாருங்கள். புயல் பையில் இருப்பதை உங்கள் மனைவியோ மகளோ எடுக்க நேரலாம். ஐப்பசிக்கு முன் ஒரு முறை வெளியே எடுத்து எண்ணெய் விட்டு, சிலிக்கா பொட்டலத்தை மாற்றி, மறுபடி உள்ளே வையுங்கள்.